ஜப்பானிய பிராஸ் ஐவர் குழுக்களின் சிடிகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

யூடியூபில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி ஒன்று வந்து மாட்டும். இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. மேடையில் ஐந்தே பேர். பிராஸ், அதாவது பித்தளை ஊதுகருவி, ஐவர் குழு என்பது இதுதான். மூன்று நிமிடத் துண்டுதான், ஆனால் வாசிப்பு அசத்தலாக இருக்கும். குழுவின் பெயர் ஜப்பானிய எழுத்தில். ஆங்கிலத்தில் தேடினால் கனடா, அமெரிக்கா, இங்கிலாந்துக் குழுக்கள்தான் வரிசை கட்டி வரும். அந்த ஐந்து பேர் ஏதாவது சிடி போட்டிருக்கிறார்களா, எங்கே கிடைக்கும், என்ன விலை என்று ஒரு இடத்தில்கூட இருக்காது.

நான் இதற்காகக் கொஞ்ச காலம் அலைந்தேன். கடைசியில் புரிந்தது இதுதான்: இந்தத் தேடலில் குழுவின் பெயரைவிட சிடியின் அட்டவணை எண் முக்கியம். அந்த எண் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதுவரை உள்ள படிகளும், அதற்குப் பிறகு வரும் செலவு, ஆவணம், காத்திருப்பு எல்லாமும் கீழே. ஜப்பானில் வசிப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். வெளியே இருப்பவர்களுக்குக் கடைசிப் பகுதி.

1. பெயரை ஜப்பானிய எழுத்திலேயே எடுத்து வையுங்கள்

ரோமன் எழுத்தில் தேடுவதை முதலில் விடுங்கள். வீடியோவின் தலைப்பிலோ விளக்கத்திலோ உள்ள பெயரை அப்படியே நகலெடுங்கள். படத்தில் மட்டும் எழுத்து இருந்தால் கூகுள் லென்ஸ் படித்துக் கொடுக்கும்.

இங்கே ஒரு பொறி. வெளிநாட்டுச் சொற்களைக் கதகானா எழுத்தில் எழுதும்போது ஜப்பானியர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. "குயின்டெட்டோ" என்பதில் வரும் 'இ' ஓரிடத்தில் பெரிய எழுத்தாக இருக்கும், இன்னோரிடத்தில் சிறிய எழுத்தாக இருக்கும். சொற்களுக்கு நடுவே புள்ளி வைப்பவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. கடைகளின் தேடல் பெட்டிகள் பல இதைச் சமாளிக்காது. ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நான்கு எழுத்து வடிவங்களை ஒரு குறிப்பில் சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

பெயரே ஆங்கிலம் என்றால் நிலைமை இன்னும் மோசம். பஸ் ஃபைவ் (Buzz Five) என்று ஒரு நல்ல ஐவர் குழு இருக்கிறது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் போட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் குப்பையும் வரும். கதகானாவில் எழுதி, கூடவே "கிங்கான் கோஜூசோ" என்பதைக் காஞ்சியில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தில், சேர்த்தால் சரியாக வரும். பிராஸ் ஐவர் இசை என்பதற்கு அங்கே புழங்கும் சொல் அதுதான். கைப்பேசியில் ஜப்பானிய விசைப்பலகையை நிறுவி, ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் காஞ்சி தானாக வரும்.

2. 'பிராஸ்' என்று தேடாதீர்கள்

ஜப்பானில் "புராஸ் பாண்டோ", சுருக்கமாக "புராபான்" என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூட ஊதுகருவி இசைக்குழு. கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எல்லாம் உள்ள பெரிய படை. வெறும் 'பிராஸ்' என்று தேடினால் அந்தக் கடலில் மூழ்கிப்போவீர்கள்.

அடுத்தது எண்வர் குழு, அதாவது "கிங்கான் ஹச்சிஜூசோ". இது ஏன் இவ்வளவு வருகிறது என்று தெரிந்தால் தேடல் எளிதாகும். அகில ஜப்பான் பாண்டு சங்கமும் அசாஹி ஷிம்புன் நாளிதழும் சேர்ந்து நடத்தும் சிறுகுழுப் போட்டி ஒன்று இருக்கிறது. ஒரு குழுவில் 3 முதல் 8 பேர், மேடையில் 5 நிமிடம். பள்ளிகள் எட்டுப் பேரையும் நிரப்பத்தான் விரும்புகின்றன. அதனால் போட்டிக்கென்று எழுதப்படும் பிராஸ் இசையில் எண்வர் இசைக்கே மவுசு. இந்தப் போட்டிக்கான மாதிரித் தொகுப்புகளும் கடைகளில் நிறைய உண்டு. அவற்றில் ஒரு பாட்டு ஐவர், இரண்டு பாட்டு எண்வர், மிச்சம் கிளாரினெட் நால்வர் என்று கலந்திருக்கும். வாங்கும் முன் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள்.

ஆனால் இந்தத் தொகுப்புகளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பதிப்பகங்கள் இவற்றை வாசிக்கத் தொழில்முறைக் கலைஞர்களையே அழைக்கின்றன. தனிச் சிடி போடாத குழுவின் ஒரே பதிவு இப்படி ஒரு தொகுப்பின் நடுவில் ஒளிந்திருக்கலாம். வாசித்தவர்கள் பெயர் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும்.

3. குழுவை விட்டுவிட்டு ஆட்களைப் பிடியுங்கள்

ஐவர் குழு என்பது இவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வேலை. முதல் வேலை ஏதாவது சிம்ஃபனி இசைக்குழுவில் நாற்காலி, அல்லது இசைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. குழுவின் இணையதளம் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஆளின் பக்கம் உயிரோடு இருக்கும்.

உதாரணமாக, டோக்கியோ மெட்ரோபாலிட்டன் பிராஸ் குவின்டெட் என்ற குழு டோக்கியோ பெருநகர சிம்ஃபனி இசைக்குழுவின் ஆட்களால் ஆனது. அந்த இசைக்குழுவின் உறுப்பினர் பட்டியலில் டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா வரிசைகளைப் பார்த்து, அந்தப் பெயர்களைக் காஞ்சியில் எடுத்துத் தேடினால் ஐவர் குழுவும் வரும், அவர்களுடைய தனிச் சிடிகளும் வரும். ஹார்ன்காரரின் தனிச் சிடியில் கடைசி இரண்டு பாட்டுக்கு மற்ற நால்வரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நிறைய கிடைக்கும்.

பெயர்க் குழப்பம் மட்டும் கவனம். 'டோக்கியோ', 'பிராஸ்' என்ற இரண்டு சொல்லையும் வைத்து ஏகப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. டோக்கியோ பிராஸ் ஸ்டைல் என்பது அனிமே பாடல்களை ஜாஸாக வாசிக்கும் பெண்கள் குழு. நல்ல குழுதான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

4. அட்டவணை எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஜப்பானிய சிடி ஒவ்வொன்றின் முதுகிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி இருக்கும். "ஹின்பான்" என்பார்கள். ஜப்பானியப் பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் இந்த எண் மாறாது. கடை, ஏலத்தளம், நூலகம் எல்லாவற்றிலும் இதைப் போட்டால் ஒரே பொருள்தான் வரும்.

முன்னெழுத்தைப் பார்த்தே நிறுவனத்தைச் சொல்லிவிடலாம். பிஓசிடி என்றால் ஹிரோஷிமாவின் பிரெய்ன். சிஏசிஜி என்றால் கஃபுவா. எஃப்ஓசிடி என்றால் ஃபோன்டெக். ஓவிசிஎல் என்றால் ஆக்டேவியாவின் எக்ஸ்டன். ஏஎல்சிடி என்றால் கொஜிமா ரொகுவோன். எம்எம் என்றால் மைஸ்டர் மியூசிக். பிராஸ், ஊதுகருவி சமாசாரம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றும். எழுத்து இல்லாமல் வெறும் எண்ணோ, குழுவின் பெயர்ச் சுருக்கமோ இருந்தால் அது குழுவே காசு போட்டு வெளியிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சிடிகளில் 45 அல்லது 49-இல் தொடங்கும் பார்கோடுகூட இருக்காது.

எண்ணை எங்கே தேடுவது? நான் போகும் வரிசை இது. முதலில் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தேடல். ஜப்பானில் வெளியாகும் இசைச் சிடிகள் 2000-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே கட்டாய ஒப்படைப்பில் வருகின்றன. ஆகவே சின்ன வெளியீடுகளும் அகப்பட நல்ல வாய்ப்பு. எண், ஆண்டு, பல சமயம் பாட்டுப் பட்டியல் வரை அதில் இருக்கும். வெளிநாட்டிலிருந்தும் இலவசமாகத் தேடலாம். அடுத்து சைனீ புக்ஸ். பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியல் அது. இசைக் கல்லூரிகளும் அதில் இருப்பதால் 80-களின் பதிவுகளுக்கு நல்ல இடம். டிஸ்காக்ஸ் என்ற இணைய இசைப் பட்டியல் கடைசியில்தான். ஜாஸுக்கும் ராக்குக்கும் அது தங்கச் சுரங்கம், ஜப்பானிய ஊதுகருவிச் சமாசாரத்தில் ஓட்டைப் பானை.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் பழைய பத்திரிகை. "ரெகோர்டோ கெய்ஜுட்சு" என்ற மாத இதழ் 1952 முதல் 2023 வரை வந்தது. மாதாமாதம் புதிய வெளியீடுகளைப் பிரிவு பிரித்து விமர்சித்தார்கள். 1959-இல் தொடங்கிய "பாண்டோ ஜானரு" ஊதுகருவிக்காரர்களுக்கென்றே வருவது, அதில் விளம்பரங்களும் பயன்படும். பழைய இதழ்கள் பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

எண் தெரியாமல் வெறும் அட்டைப் படம் மட்டும் கையில் இருந்தால் விலையை வைத்து ஆண்டை ஓரளவு ஊகிக்கலாம். விற்பனை வரி 1989-இல் 3 சதவீதமாக வந்தது. 1997-இல் 5, 2014-இல் 8, 2019-இல் 10 ஆனது. 3,000 யென் சிடியின் ஓபி நாடாவில், அதாவது அட்டையைச் சுற்றி வரும் காகிதப் பட்டையில், 3,090 என்று இருந்தால் முதல் காலம், 3,150 என்றால் அடுத்தது, 3,240 என்றால் அதற்கடுத்தது, 3,300 என்றால் இப்போதையது. நாடா இல்லாத சிடியில் இந்த வித்தை செல்லாது.

5. வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்

3,000 யென் சும்மா வரவில்லை. கேட்டுவிட்டு வாங்கலாம்.

உங்கள் வட்ட நூலகத்தில் தொடங்குங்கள். டோக்கியோ வட்டாரங்களில் பொது நூலகங்கள் சிடியும் இலவசமாக இரவல் தருகின்றன. நிஷி-கசாய் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு எடோகாவா வட்ட நூலகம் இருக்கிறது. அட்டை போட முகவரி அச்சிட்ட வசிப்பு அட்டை போதும். வீடு மாறியிருந்தால், அட்டையின் பின்பக்கம் வட்ட அலுவலகம் புதிய முகவரியை எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவல் வாங்கிய சிடியை நீங்கள் மட்டும் கேட்பதற்காகப் பிரதி எடுப்பதை ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதை நண்பர்களுக்கு அனுப்புவதோ இணையத்தில் ஏற்றுவதோ கூடாது.

நூலகத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: நாக்ஸோஸ் மியூசிக் லைப்ரரி இருக்கிறதா என்று. பல ஊர் நூலகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இந்த ஒலித் தளத்தை வீட்டிலிருந்தே கேட்கத் திறந்துவிடுகின்றன. ஜப்பானியச் சிறு நிறுவனங்கள் பலவற்றின் பதிவுகள் அதில் உண்டு. ஸ்பாட்டிஃபையில் இல்லாதது இதில் இருந்த அனுபவம் எனக்கு உண்டு.

உயெனோவில் டோக்கியோ புன்கா கைக்கானின் நான்காம் மாடியில் ஒரு இசை நூலகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் இலவசமாக உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அந்தக் கட்டடம் 2026 மே முதல் சீரமைப்புக்காக நீண்ட காலம் மூடப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். தளத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசிப் புகலிடம் நாகதாச்சோவில் உள்ள நாடாளுமன்ற நூலகமே. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், வசிப்பு அட்டை அல்லது கடவுச்சீட்டு வேண்டும், அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம். ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் மூடியிருக்கும். பையை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இசைப் பதிவுகளைப் பொழுதுபோக்காகக் கேட்க விட மாட்டார்கள். ஆய்வுக்கு என்று காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். எந்தச் சிடி, எந்தப் பாட்டு, எதற்காக என்பதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனால் சங்கடம் இல்லை. இரவல் கிடையாது.

6. புதிய சிடி

இது எளிது. எண்ணை டவர் ரெகார்ட்ஸ் ஜப்பான், எச்எம்வி, அமேசான் ஜப்பான் மூன்றிலும் போட்டுப் பாருங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் ஜப்பானில் புதிய சிடிக்கு வெளியீட்டாளர் வைத்த விலையிலேயே கடைகள் விற்கும் முறை இருக்கிறது. பார்க்க வேண்டியது இருப்பு நிலையைத்தான். "ஸாய்கோ அரி" என்றால் கையில் இருக்கிறது. "தொரியோசே" என்றால் வரவழைத்துத் தருவார்கள்; வாரக்கணக்கில் காக்க வைத்துவிட்டு இல்லை என்று ரத்தாவதும் உண்டு. "ஹாய்பான்" என்றால் அச்சில் இல்லை, அடுத்த படிக்குப் போங்கள்.

கடைக்கு நேரில் போனால் சேம்பர் இசை அலமாரியில் மட்டும் தேடிவிட்டுத் திரும்பாதீர்கள். பிராஸ் ஐவர் சிடிகள் பெரும்பாலும் "சுய்சோகாக்கு" என்று எழுதிய ஊதுகருவிப் பிரிவில் இருக்கும்.

7. பழைய சிடி

தேட வேண்டிய இடங்கள்: டிஸ்க் யூனியனின் செவ்வியல் இசைக் கடைகள், புக் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகள், யாஹூ ஏலத்தளம், மெர்காரி என்ற விற்பனைச் செயலி. பழைய சிடி 500 முதல் 1,500 யென்னுக்குள் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்கு மேல் என்றால் சில வாரம் பொறுத்திருங்கள். தேடும் ஆட்கள் குறைவு என்பதால் திரும்ப வரும். ஏலத்தளத்தில் எண்ணை வைத்து அறிவிப்புப் போட்டுவிட்டால் வரும்போது தகவல் வரும்.

விவரத்தில் "மிஹோன்பான்" என்று இருந்தால் விளம்பரத்துக்குக் கொடுத்த மாதிரிப் பிரதி. "ரென்டாரு ஒச்சி" என்றால் வாடகைக் கடையிலிருந்து கழித்தது. ஒட்டுத்தாளும் கீறலும் இருக்கும். "ஓபி" இல்லை என்பதற்காக விலை குறைந்திருந்தால் கேட்பவருக்கு அது லாபம்தான். சேகரிப்பவர்கள் கவலைப்படட்டும்.

உள்நாட்டு அஞ்சல் செலவை விலையோடு சேர்த்துப் பாருங்கள். கிளிக் போஸ்ட் 185 யென், லெட்டர் பேக் லைட் 2024 அக்டோபர் முதல் 430 யென். ஒரு சிடிக்குக் கூரியர் பெட்டிக் கட்டணம் கேட்கிற விற்பனையாளரிடம் பணிவாக மாற்று வழி கேட்கலாம். பலர் ஒப்புக்கொள்வார்கள்.

ஷின்-ஒகுபோ பகுதியில் ஊதுகருவிக் கடைகள் நெருக்கமாக உள்ளன. ஊதுமுனை வாங்க வரும் மாணவர்களுக்காகக் கல்லாப் பக்கம் சிறிய சிடி அடுக்கு வைத்திருப்பார்கள். எந்தத் தேடலிலும் வராத தட்டு அங்கே தூசியோடு கிடக்கலாம். அதே தெருக்களில் மசாலாக் கடைகளும் இருப்பதால் போன கால் வீணாகாது.

8. குழுவிடமே வாங்குவது

சொந்தக் காசில் வெளியிட்ட சிடிகளுக்கு இதுதான் வழி. நிகழ்ச்சி நாளில் அரங்கின் வாசலில் மேசை போட்டு விற்பார்கள். ரொக்கம் கொண்டு போங்கள், 1,000 யென் தாள்களாக இருந்தால் இரு பக்கமும் நிம்மதி. உள்ளே நுழையும்போது கையில் திணிக்கும் துண்டறிக்கைக் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் தேடிக் கிடைக்காத சின்னக் குழுக்களின் அடுத்த நிகழ்ச்சி அதற்குள்தான் இருக்கும்.

நேரில் போக முடியாவிட்டால் மின்னஞ்சல். நீளமாக எழுத வேண்டாம். குழுவின் பெயர், சிடியின் பெயர், பிறகு "சிடி ஓ கோன்யூ ஷிதாய் நோ தேசு கா, ஸாய்கோ வா அரிமாசு கா" என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி: வாங்க விரும்புகிறேன், இருப்பு உண்டா என்பது பொருள். கீழே உங்கள் பெயர், முகவரி. பதில் வர ஒரு வாரம் வரை பொறுங்கள். ஏப்ரல் கடைசி முதல் மே தொடக்கம் வரை, ஆகஸ்ட் நடு, புத்தாண்டு ஆகிய விடுமுறைகளில் எழுதாதீர்கள். டிசம்பரிலும் வேண்டாம். நாடு முழுக்க பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி நடக்கும் மாதம் அது, இசைக்குழு ஆட்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது.

பணம் பெரும்பாலும் வங்கி வழியாக, "ஃபுரிகோமி". இங்கேதான் நம் பெயர்கள் தகராறு செய்யும். வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் கதகானாவில் இருக்கும். அப்பா பெயரும் சேர்ந்து நீண்டு, பெறுபவரின் திரையில் பாதியில் வெட்டுப்படும். மின்னஞ்சலில் ரோமன் எழுத்தில் கையெழுத்திட்ட ஆளும் பணம் அனுப்பிய ஆளும் ஒருவர்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் வங்கியில் உள்ள கதகானா வடிவத்தை மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். பணம் அனுப்பிய அன்று தேதியும் தொகையும் குறித்து இன்னொரு வரி அனுப்புங்கள். பரிமாற்றக் கட்டணம் உங்கள் தலையில்தான்.

9. ஜப்பானுக்கு வெளியே இருந்தால்

அச்சில் உள்ள சிடி என்றால் சிடிஜப்பான் தளம் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, ஆங்கிலப் பக்கமும் உண்டு. எண்ணைப் போட்டால் போதும். பழைய சிடிக்கு ஜென்மார்க்கெட், பையீ போன்ற இடைத்தரகு சேவைகள் வேண்டும். அவர்கள் உங்களுக்காக ஏலத்திலோ மெர்காரியிலோ வாங்கித் தங்கள் கிடங்கில் வைத்து அனுப்புவார்கள்.

கணக்கைத் திறந்த கண்ணோடு போடுங்கள். சிடி விலை, உள்நாட்டு அஞ்சல், பொருளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், வெளிநாட்டு அஞ்சல், அப்புறம் உங்கள் ஊர்ச் சுங்கம். 1,000 யென் சிடி கைக்கு வரும்போது 3,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். ஒன்றொன்றாக வரவழைக்காமல் கிடங்கின் இலவசக் காலத்துக்குள் நான்கைந்தைச் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் பொட்டலத்துக்கு 2 கிலோ வரம்பு; பெட்டியோடு ஒரு சிடி சுமார் 100 கிராம். அவசரம் என்றால் இஎம்எஸ், பணம் மிச்சம் என்றால் கப்பல் அஞ்சல். கப்பல் மாதக்கணக்கில் இழுக்கும்.

சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லி விற்பனையாளரை வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலோர் மறுப்பார்கள். சுங்கத்தில் பிரித்துப் பார்த்து ரசீது கேட்டால் பொட்டலம் நின்றுவிடும். ஆர்டர் ரசீதை அச்செடுத்து வைத்திருங்கள். இந்தியாவில் அஞ்சல் வழி வரும் பொருளுக்கு வரி விதித்தால் தபால்காரரே வீட்டு வாசலில் வாங்கிக்கொள்வார்.

வாங்குவது டிவிடி அல்லது புளூ-ரே என்றால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். ஜப்பானிய டிவிடி மண்டலம் 2, இந்தியாவும் இலங்கையும் 5. புளூ-ரேயில் ஜப்பான் ஏ, நாம் சி. அட்டையில் 'எல்லா மண்டலமும்' என்று இல்லாவிட்டால் உங்கள் கருவியில் ஓடாமல் போகலாம். சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. எஸ்எச்எம்-சிடி சாதாரணக் கருவியில் ஓடும். எஸ்ஏசிடி என்றிருந்தால் பக்கத்தில் 'ஹைப்ரிட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்; அது இல்லாவிட்டால் சாதாரணக் கருவியில் ஓடாது.